அலுமாரி செய்வோம், சுவரிற் பூட்டுவோம்

புலம்பெயர்ந்த எம்மவர் இல்லங்களில் வரவேற்பறைச் சுவரோரம் நிற்கும் பெரிய அலுமாரி வெறும் தளபாடமன்று. தொலைக்காட்சி அதில் இருக்கும். பிள்ளைகளின் பட்டமளிப்புப் படம், ஊரில் மறைந்த தாய் தந்தையரின் படம், பேச்சுப் போட்டியிற் பெற்ற கிண்ணம், திருக்குறள், தேவாரத் திரட்டு, வேதாகமம் ஆகியனவும் அதிலேயே இடம்பெறும். வருவோர் முதலிற் பார்ப்பதும் அதனையே. ஆனால் அந்த அலுமாரி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒன்றில் பிறர் கழித்து வீதியோரத்தில் வைத்ததாக இருக்கும். அன்றேல் பெட்டியில் அடைத்து விற்கப்படும் மலிவான பொருளாக இருக்கும். "நாளைக்கு ஊருக்குப் போகப்போகிறோம், நல்ல சாமான் எதற்கு?" என்பதே எம்மிற் பலர் அந்நாளிற் கூறிய நியாயம்.

அந்த நியாயத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள், பலாவிலும் தேக்கிலும் செய்த கட்டில்களையும் அலுமாரிகளையும் வீட்டோடு விட்டுவிட்டு, கையிற் கொண்டதோடு தென்மராட்சி நோக்கி நடந்தனர். பின்னர் திரும்பிச் சென்றோரிற் பலர் கண்டவை கதவும் நிலையும் இல்லாத சுவர்களே. அந்த இழப்பை அறிந்தவர் பாரமான பொருளைத் தேடத் தயங்குவது இயல்பு. ஆயினும் 1983 ஆடிக் கலவரத்தின் பின் நாட்டைவிட்டு வெளியேறியோருக்கு நாற்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. இன்று எமது வரவேற்பறைகளில் தவழ்ந்து திரிவோர் பேரப்பிள்ளைகள். தற்காலிகம் என்றெண்ணிச் சுவரிற் பூட்டாது நிறுத்தப்பட்ட அலுமாரி அவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதனாலேயே இவ்வாரம் இதனை எழுதுகின்றோம்.

ஓர் அலுமாரிக்குரிய கடமைகள் இரண்டு. ஏற்றிய பாரத்தை வளையாமற் தாங்க வேண்டும். எவர் இழுத்தாலும் சாயாமல் நிற்க வேண்டும். புலம்பெயர்ந்தோர் அலுமாரிக்கு மூன்றாவது கடமையும் உண்டு. வீடு மாறும்போது கழற்றவும், புதிய வீட்டில் மீண்டும் பூட்டவும் அது இடந்தர வேண்டும். இம்மூன்றையும் நிறைவேற்றும் அலுமாரியை நாமே செய்துகொள்ளலாம்.

முதலில் மரம். ஊரிலே பலா, தேக்கு, வேம்பு, முதிரை என்பன எமக்குப் பழக்கமானவை. கனடாவிற் பைன் மரமும், மேப்பிள், ஓக், பேர்ச் ஆகியனவும் எளிதிற் கிடைக்கும். மலிவான அலுமாரிகளிற் பெரும்பாலானவை மரத்துகளைப் பசையுடன் அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. அப்பலகை நீர் பட்டால் ஊதிப் பருக்கும். ஒருமுறை பூட்டிய திருகாணியைக் கழற்றி மீண்டும் அதே துளையிற் பூட்டினால் முன்போற் பிடிக்காது. இரண்டு தடவை வீடு மாறிய குடும்பத்தினர் இதனை நன்கறிவர். ஆதலால் மெல்லிய மரத்தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிச் செய்த ஒட்டுப்பலகையே எமது தேவைக்குப் பொருத்தமானது.

அதற்கு மற்றொரு காரணமும் உண்டு. மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியும் இழந்தும் கொண்டிருப்பது. யாழ்ப்பாணத்துக் காற்றில் வாழும் மரத்தில் அதன் எடையில் ஏறத்தாழ 14 வீதம் ஈரம் இருக்கும். கனடாவின் மாரிகாலத்தில் வெப்பமூட்டிய வீட்டினுள் அது 6 வீதமளவுக்கு இறங்கிவிடும். அப்பொழுது மரம் நார் ஓடும் நீளப்பக்கம் மாறாமல், அகலப்பக்கம் சுருங்கும். ஊரிலிருந்து ஆசையோடு தருவித்த பலாமர மேசை முதலாவது மாரியிலேயே நடுவில் வெடிப்பதற்குக் காரணம் இதுவே. செய்த தச்சரின் குறையன்று. ஒட்டுப்பலகையில் நார்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் பிடித்திருப்பதால் இச்சுருக்கம் மிகக் குறைவு.

அடுத்தது தட்டுகளின் நீளம். வரிசையாக அடுக்கிய நூல்கள் ஒரு மீற்றர் நீளத்திற்கு 20 முதல் 30 கிலோ வரை நிறையுடையன. அதே நெருக்கத்தில் நூல்கள் அடுக்கப்பட்டால், தட்டின் நீளம் இரு மடங்காகும்போது அதன் வளைவு 16 மடங்காகும். தட்டின் தடிப்பை இரு மடங்காக்கினாலோ வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். எனவே நீண்ட தட்டொன்றை அமைத்துவிட்டு அது தொய்கின்றது என்று வருந்துவதிலும், 60 சென்ரிமீற்றருக்கு ஒரு தாங்கு பலகை வைத்துவிடுவதே அறிவுடைமை.

இனி அளவைக் கூறுவோம். இருபுறமும் 60 சென்ரிமீற்றர் அகலமும் 180 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட இரண்டு புத்தகத் தூண்கள். நடுவில் தொலைக்காட்சிக்கென 120 சென்ரிமீற்றர் அகலமும் அரை மீற்றர் உயரமும் உள்ள தாழ்ந்த பெட்டி. ஆழம் யாவற்றுக்கும் 30 சென்ரிமீற்றர். தொலைக்காட்சியின் கால்கள் அந்த ஆழத்துள் அடங்குமா என்பதை முன்னரே அளந்து பார்த்தல் வேண்டும். 122க்கு 244 சென்ரிமீற்றர் அளவிலான, 19 மில்லிமீற்றர் தடித்த ஒட்டுப்பலகை இரண்டு இதற்குப் போதும். ஒவ்வொரு பலகையையும் நீளப்பாட்டில் நான்காகப் பிளந்தால் எட்டுப் பட்டிகள் கிடைக்கும். நான்கு பட்டிகளிலிருந்து தூண்களின் பக்கப்பலகைகள் நான்கையும், எஞ்சிய துண்டுகளில் நான்கு தட்டுகளையும் பெறலாம். இவற்றுள் இரண்டு நடுப்பெட்டிக்கும் இரண்டு தூண்களுக்கும் ஆகும். இரண்டு பட்டிகள் தூண்களுக்கு வேண்டிய மற்றைய எட்டுத் தட்டுகளைத் தரும். கடைசி இரண்டும் நடுப்பெட்டியின் மேல், கீழ்ப் பலகைகளுக்கும் மூன்று நிலைப்பலகைகளுக்கும் உரியன. முதுகுப் பலகைகளுக்கு 6 மில்லிமீற்றர் தடிப்பில் அதே அளவான பலகை ஒன்று சரியாகப் போதும். வாள் வைத்திராதோர் கவலைப்பட வேண்டியதில்லை. பெரிய வன்பொருட் கடைகள் பலவற்றிற் கேட்ட அளவுக்கு வெட்டித் தருவார்கள்.

முதுகுப் பலகை அழகுக்கானது என்று சிலர் எண்ணி அதனை விட்டுவிடுவதுண்டு. அது தவறு. முதுகில்லாத பெட்டி பக்கவாட்டில் தள்ளப்பட்டால் மூலைகள் சரிந்து நெளியும். அதனைத் தடுப்பது அந்த மெல்லிய பலகையே. அதனை அறைவதற்கு முன், பெட்டியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து, இரண்டும் சமமா என்று பார்க்க வேண்டும். சமமாயின் மூலைகள் மட்டமாக உள்ளன என்பது பொருள். ஊரிலே எமது தச்சர்கள் ஒரு சட்டத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மற்றதன் துளையில் இறுக்கினர். தலைமுறை தலைமுறையாக ஒரே வீட்டில் நிற்கும் பொருளுக்கு அது உகந்தது. இங்கு ஒவ்வொரு பெட்டியையும் பசையும் திருகாணியும் கொண்டு தனித்தனியே இறுக்கிவிட்டு, மூன்று பெட்டிகளையும் ஒன்றோடொன்று சுரையாணிகளால் இணைத்தல் நன்று. வீடு மாறும் நாளில் அச்சுரைகளைத் தளர்த்தினால் மூன்று பெட்டிகளும் தனித்தனியே படியிறங்கும்.

இப்பொழுது நாம் முக்கியமெனக் கருதுவதற்கு வருவோம். சிறு குழந்தைக்கு அலுமாரித் தட்டு என்பது ஏணிப்படி. 2016 யூன் மாதத்தில் ஐகியா நிறுவனம் அமெரிக்காவிற் சுமார் 2 கோடி 90 இலட்சம் இழுப்பறைப் பெட்டகங்களையும், கனடாவிற் சுமார் 66 இலட்சத்தையும் மீள அழைத்தது. சுவரிற் பூட்டப்படாத பெட்டகங்கள் சாய்ந்து விழுந்து சிறு குழந்தைகள் உயிரிழந்தமையே அதற்குக் காரணம். பெற்றோர் கவனமற்றவர் என்று இதற்குப் பொருளல்ல. தாய் அடுக்களையிற் திரும்பி நிற்கும் ஒரு கணமே போதுமானது.

எம்மவர் வீடுகளில் இந்த ஆபத்தைக் கூட்டும் மறைவான காரணம் ஒன்றும் உண்டு. கம்பளம் விரித்த அறைகளில், சுவரோரமாகக் கம்பளத்தைப் பிடிப்பதற்கு ஆணிகள் பதித்த மரப்பட்டி ஓடுகின்றது. அலுமாரியின் பின்பக்கம் அதன்மேல் ஏறி நிற்பதால், முழு அலுமாரியும் சற்றே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். கண்ணுக்கு அது தெரியாது. இரசமட்டம் வைத்தாற் தெரியும். முன்பக்கத்தின் கீழ் மெல்லிய ஆப்புகளைச் செருகி அதனைச் சீர்செய்யலாம். பாரமானவற்றைக் கீழ்த்தட்டில் வைப்பதும், குழந்தையைக் கவரும் பொருட்களை உச்சியில் வையாதிருப்பதும் உதவும். ஆயினும் இவை எவையும் சுவரிற் பூட்டுவதற்கு ஈடாகா.

இந்நாட்டு வீடுகளின் உட்சுவர்கள் பெரும்பாலும் அரை அங்குலத் தடிப்புள்ள சாந்துப் பலகையால் ஆனவை. அப்பலகையில் மட்டும் ஏற்றிய திருகாணி இழுத்தவுடன் கையோடு வந்துவிடும். அதன் பின்னால் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒன்றாக நிற்கும் மரச்சட்டத்தைக் கண்டுபிடித்து அதிலேயே ஏற்ற வேண்டும். சட்டத்தைக் காட்டும் சிறு கருவி கடைகளில் விற்பனைக்கு உண்டு. தொடர்மாடிகளிற் சட்டம் தகட்டாலானதாகவோ சுவர் கொங்கிறீற்றாகவோ இருக்கலாம். அவற்றுக்கெனத் தனியான ஆணிகளும் அடைப்புகளும் உள்ளன. சுவரின் தன்மையைக் கூறிக் கடையிற் கேட்டு வாங்குக. இரண்டு தூண்களையும் அவற்றின் மேற்பகுதியிற் கோணத்தகடுகளாற் பூட்டுவதோடு, தொலைக்காட்சியையும் பட்டி கொண்டு கட்டுதல் வேண்டும்.

"வாடகை வீட்டிற் சுவரைத் துளைத்தால் வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ?" என்ற அச்சம் எம்மவரிடையே பெரிது. அகதியாய் வந்தவர் எவரோடும் சிக்கல் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்பதை நாம் அறிவோம். காரணத்தைக் கூறி எழுத்தில் அனுமதி கேளுங்கள். வெளியேறும்போது நாமே அடைத்துத் தருவோம் என்பதையும் அதிற் சேர்த்துக்கொள்ளுங்கள். அத்துளைகளை அடைத்து நிறம் பூசச் சில டொலர்களும் அரை மணி நேரமும் போதும். அனுமதி மறுக்கப்படுமாயின் உயர்ந்த தூண்களை விட்டுவிட்டு, தாழ்ந்த அகன்ற பெட்டிகளாகவே செய்துகொள்ளுங்கள்.

ஊரிற் கைதேர்ந்த தச்சராயிருந்து, இங்கு வந்து உணவகத்திலும் தொழிற்சாலையிலும் உழைத்து முதுமையடைந்தோர் எம்மிடையே உள்ளனர். சனிக்கிழமையொன்றில் அவர்களில் ஒருவரை வீட்டுக்கு அழையுங்கள். உளியும் இழைப்புளியும் மூலைமட்டமும் இன்னும் அவர்தம் கைகளுக்குப் பழக்கமானவையே. அவர் அளக்கட்டும், உங்கள் மகனும் மகளும் பலகையைப் பிடிக்கட்டும். பாடசாலையிற் கற்ற மூலைவிட்டத்தின் பயனையும், வீட்டிற் கேளாத தமிழ்ச் சொற்கள் சிலவற்றையும் பிள்ளைகள் ஒருங்கே அறிந்துகொள்வர்.

சுவரிற் பூட்டுவதால் ஊரை மறந்தவர்களாக நாம் ஆகிவிட மாட்டோம். பூட்டிய ஆணியைக் கழற்றும் நாள் வரும்போது கழற்றலாம். அதுவரை எமது பிள்ளைகள் அச்சமின்றித் தவழும் வரவேற்பறையை அமைத்துக்கொடுப்பது எமது கடமை. இதனை வாசித்து முடித்ததும் எழுந்து சென்று, உங்கள் வீட்டு அலுமாரியின் உச்சியிற் கைவைத்து மெல்ல முன்னே இழுத்துப் பாருங்கள். அது அசையுமாயின் இவ்வார இறுதியிலேயே அதனைச் சுவரிற் பூட்டிவிடுங்கள்.