பம்பைக்குப் பின்னால் உறுமி

நாட்டுப்புற இசை என்றாலே இரைச்சல்தான் என்னும் எண்ணம் கற்றவரிடையே வேரூன்றி நெடுங்காலம் ஆயிற்று. அதில் நமக்கு உடன்பாடில்லை. ஆயினும் அண்மைக்காலத் திருவிழா மேளங்களைக் கேட்கையில், அவ்வெண்ணத்துக்கு நம் குழுக்களே சான்று தேடித் தருகின்றனவோ என்னும் ஐயம் எழாமல் இல்லை.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எனச் செல்லும் மலைச்சாலை முடியும் இடம் கிளாவரை. வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு நிலங்கள். அப்பால் கேரளத்து வட்டவடை. இத்தகைய மலையூரில் நாகசுரம், தவில், பம்பை, உறுமி, தாளம் என ஒரு மேளம் முழங்குகையில் எதிர்ச் சரிவில் நின்று கேட்டால் முதலில் வந்து சேர்வது பம்பை. அடுத்துத் தவில். நாகசுரத்தின் மேல்தாயிச் சுரங்கள் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். உறுமி வந்து சேர்வதே இல்லை.

உறுமியின் ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறு முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பர். தேய்ப்பில் பிறக்கும் அந்த முனகலே உறுமி. அடி வேறெந்தத் தோற்கருவியிலும் கிடைக்கும், முனகல் கிடைக்காது. கூட்டத்தில் முதலில் அமிழ்ந்து போவதும் அதுவே. கேட்காத கருவிக்கு எதற்குக் கூலி என்று விழாக் குழுவினர் வினவினால் மறுமொழி சொல்வது கடினம். அடுத்த ஆண்டு அவ்விடத்தில் இன்னொரு பம்பை வந்து நிற்கும். பெரிய மேளத்தில் ஒரே சுரத்தை விடாது ஊதிக்கொண்டிருந்த ஒத்துக்கு நேர்ந்ததும் ஏறத்தாழ இதுதான். அதன் இடத்தைச் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. ஒத்து ஊதியவரின் பிழைப்பும் அதனோடு போயிற்று. (மலேசியத் தமிழரிடையே குழுவுக்கே உறுமி மேளம் என்றுதான் பெயர்.)

இதற்கு எல்லோரும் கூறும் மருந்து ஒலிவாங்கி. உறுமிக்கு முன் அதை வைத்தால், ஒரு முழம் தள்ளி நிற்கும் பம்பையையும் சேர்த்தே அது வாங்கும். ஒலியைக் கூட்டினால் எல்லாம் கூடும். சரி, கருவியின் எண்ணிக்கையைக் கூட்டலாமே என்றால், ஒரே அளவில் ஒலிக்கும் இரண்டு உறுமிகள் சேர்ந்தும் ஒலி 3 டெசிபல் அளவே உயரும். மாறாகத் திறந்த வெளியில் தொலைவு இரு மடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆகவே, எதிரே நிற்கும் கூட்டத்துக்குப் பம்பையை இரு மடங்கு தொலைவில் நிறுத்துவது, இன்னோர் உறுமியைக் கூலிக்கு அமர்த்துவதைவிடப் பயன் தரும், செலவும் இல்லை. எதிர்ச் சரிவில் இருப்பவருக்கோ இந்தச் சில அடி வேறுபாடு உதவாது. அவருக்கு உதவுவது வாசிப்பவரின் கையடக்கம் ஒன்றே.

இவ்வடக்கத்தை நம் முன்னோர் எத்துணை நுட்பமாக எண்ணியிருந்தனர் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சான்று. அங்கே தண்ணுமை ஆசிரியனுக்கு வகுக்கப்படும் தகுதிகளை ஊன்றிப் பார்க்க வேண்டும். யாழும் குழலும் பாடுவோர் குரலும் கேட்கும்படி அவன் விரலை இயக்க வேண்டும்; அவை குறையுமிடத்தில் நிரப்பவும், மிகுமிடத்தில் அடக்கவும் வேண்டும்; தன் கருவி மேலோங்கி நிற்கலாகாது. வேகமும் வலிமையும் அங்கே முதன்மை பெறவில்லை. பிறர் ஓசைக்குக் காது கொடுப்பதே முழவுக்காரனின் கல்வி என்று இளங்கோவடிகள் கொண்டார் என்பது நம் துணிபு.

அண்டை நாட்டாரும் இதை மறக்கவில்லை. கேரளத்துப் பஞ்சாரி மேளத்தில் முன்வரிசைச் செண்டைக்காரர்களுக்கு எதிர்முகமாகக் குழல்காரர்கள் நிற்பர். தாளத்தைத் தாங்கும் செண்டைகள் பின்வரிசையில். பெருங்கூட்டமாக முழங்கும் செண்டைகளுக்கிடையே அச்சிறு குழல் பிழைத்திருப்பதற்கு இந்த நிற்கும் முறையும் ஒரு காரணம்.

நண்பர்கள் சிலர் இங்கே குறுக்கிடுவர். ஓங்கி ஒலிப்பதே பம்பையின் இயல்பு. அதை அடக்கச் சொல்வது சபா இரசனையைச் சாமியாட்டத்தின் மீது திணிப்பதாகாதா என்பர். கேள்வியில் நியாயம் உண்டு. அடியார்க்குநல்லார் தம் உரையில் முழவுகளை உத்தமம், மத்திமம், அதமம் எனத் தரம் பிரித்தவர்; கணப்பறை அவருக்கு அதமம். அந்தத் தராசு தமிழ்த்துறைகளில் இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் நாம் கேட்பது பம்பையைத் தாழ்த்துவதை அன்று. சாமி இறங்கும் கணத்தில் அது முழங்கட்டும், மலை அதிரட்டும். அக்கணத்துக்கு முன்னும் பின்னும் அதே முழக்கம் நின்றால், இறங்கிய கணம் எது என்று யாருக்குத் தெரியும்? உறுமி ஒடுக்கப்பட்டவர் கையில் இல்லாத கருவியும் அன்றே.

மலையூருக்கென்று தனியே ஒன்றும் உண்டு. பனியிலும் ஈரத்திலும் தோல் தளரும், நாதம் மங்கும், மங்கியதை ஈடுகட்ட அடி வலுக்கும். பாதி இரைச்சல் இப்படிப் பிறப்பதே. வந்து இறங்கியதும் குழுவை ஊர்வலத்தில் நிறுத்தாமல், அரை மணி நேரம் தீ மூட்டிக் கொடுத்துத் தோலைக் காய்ச்ச விடலாம். உறுமியை முன்னாலும் பம்பையை ஒரு பக்கமாகச் சற்றுப் பின்னாலும் நிறுத்தச் சொல்லலாம். வெற்றிலை பாக்கு மாற்றி மேளத்துக்கு முன்பணம் கொடுக்கும்போதே இவற்றையும் பேசிக்கொள்வதில் விழாக் குழுவுக்கு என்ன தடை இருக்க முடியும்?