ஐஸ்கிரீம் கடைக்குக் கட்டும் பணம் திரும்பி வருமா?

சனிக்கிழமை சாயங்காலம். திருப்பூரில் சம்பள நாள்.

பி.என். ரோட்டிலும் குமரன் ரோட்டிலும் கால் வைக்க இடம் கிடையாது. கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள், ஷிப்டு முடிந்து கும்பலாக வரும் வடநாட்டுப் பையன்கள் என்று ஐஸ்கிரீம் கடை வாசலில் ஒரே கூட்டம். கல்லாவில் நோட்டு விழுகிறது. பணம் வந்துவிட்டது என்று செல்போன் பெட்டி கத்திக்கொண்டே இருக்கிறது.

எதிர்ச்சாரியில் நின்று இதைப் பார்க்கிறார் ஒரு சின்ன ஜாப் ஒர்க் முதலாளி. பக்கத்தில் மனைவி. "ஏனுங்க, நாமளும் இப்படி ஒண்ணு போட்டா என்னுங்க?" என்கிறார் அந்த அம்மா.

இப்படி ஒரு குடும்பம் அல்ல, பல குடும்பங்கள் திருப்பூரில் உண்டு.

ஆசையில் தப்பில்லை. 2011-ல் ஐகோர்ட்டு உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது இந்த ஊர் ஒரு அடி வாங்கியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது இன்னொரு அடி. பனியனை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஆனால் சேமிப்பை எடுத்து, நகையை வைத்து, பெரிய கம்பெனியின் பெயர்ப் பலகையை வாங்கப் போகிறவர்கள் ஒரு இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். அதுதான் "பிரான்சைஸ் பீஸ்" என்கிற ஆரம்பக் கட்டணம்.

அட்வான்ஸ் அல்ல!

"அட்வான்ஸ் மாதிரித்தானுங்களே? கடையைக் காலி பண்ணுனா திருப்பிக் குடுத்துருவாங்க" என்று பலர் நினைக்கிறார்கள்.

கிடையவே கிடையாது.

கட்டடக்காரருக்குக் கொடுக்கும் அட்வான்ஸ், காலி செய்தால் திரும்பும். பனியன் கம்பெனியில் டைலர் வாங்கும் அட்வான்ஸ், கூலியில் கழியும். இந்த ஊருக்குத் தெரிந்த அட்வான்ஸ் இந்த இரண்டும்தான். பிரான்சைஸ் பீஸ் இரண்டிலும் சேராது. கட்டின அன்றே அது கம்பெனிப் பணம். கடை ஓடினாலும் அவர்கள் பணம். ஆறு மாதத்தில் ஷட்டர் இறங்கினாலும் அவர்கள் பணம்.

பெயரைப் பார்த்தும் ஏமாறக்கூடாது. அமுல் நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒளிவு மறைவு இல்லாமல் கணக்கை வெளியிட்டு வரும் நிறுவனம் அது. ஐஸ்கிரீம் பார்லருக்கு அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் தொகை சுமார் ரூ.6 லட்சம். அதில் "பிராண்ட் செக்யூரிட்டி" ரூ.50 ஆயிரம். செக்யூரிட்டி என்றதும் டெபாசிட் என்றுதான் தோன்றும். ஆனால் பக்கத்திலேயே "திருப்பித் தரப்படாது" என்று போட்டிருக்கிறார்கள். படிக்காமல் போனால் அது அவர்கள் குற்றம் அல்ல.

மீதி? கடையை அலங்கரிக்க ரூ.4 லட்சம். பிரீசர் முதலான சாமான்களுக்கு ரூ.1½ லட்சம். ராயல்டி இல்லை. பாக்கெட் ஐஸ்கிரீமுக்கு 20 சதவீதம், கடையிலேயே கலந்து கொடுக்கும் அயிட்டங்களுக்கு 50 சதவீதம் லாபம் என்பது அவர்கள் கணக்கு.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆரம்பக் கட்டணம் 50 ஆயிரம்தானே என்று இறங்கினால், பெரிய பணம் சுவரிலும் சீலிங்கிலும் போய் ஒட்டிக்கொள்கிறது. பிரீசரைப் பழைய விலைக்காவது விற்கலாம். சுவரில் ஒட்டிய கம்பெனிக் கலரை யார் வாங்குவார்?

பனியனுக்குப் போடும் கணக்கு

ஒரு பனியனுக்குக் காஸ்டிங் போடச் சொன்னால் திருப்பூர்க்காரர் பைசா சுத்தமாகப் போடுவார். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக் கூலி, கட்டிங், அதில் போகிற வேஸ்ட், ஓவர்லாக், பிளாட்லாக், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று எதுவும் விடுபடாது. பீசுக்கு 25 பைசா இடித்தாலும் ஆர்டரை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

அதே மனிதர் ஐஸ்கிரீம் கடை என்றதும் காஸ்டிங்கை மறந்துவிடுகிறார். இது வேடிக்கையா, வேதனையா?

கணக்கு ஒன்றும் பிரமாதம் இல்லை. ஒரு கம்பெனி ரூ.3 லட்சம் ஆரம்பக் கட்டணம் கேட்கிறது. ஒப்பந்தம் 5 வருஷம் என்று வைத்துக்கொள்ளலாம். கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதாவது ரூ.54 ஆயிரம். (ஐஸ்கிரீமுக்கு 2025 செப்டம்பரில் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. கட்டணத்துக்குக் குறையவில்லை.) ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அதை வரவு எடுத்துக்கொள்ள வழி உண்டு. பதிவு இல்லாத சின்னக் கடைக்கு அது முழுச் செலவு.

ஆக மொத்தம் ரூ.3 லட்சத்து 54 ஆயிரம். 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் ரூ.5,900.

50 ரூபாய் கப் ஒன்றுக்கு 10 ரூபாய் நின்றால், மாதம் 590 கப். தினம் 20 கப். இது பெயர்ப் பலகைக்கு மட்டும்! வாடகை, கரண்டு பில், பையன் சம்பளம், வட்டி எல்லாம் அதற்கு மேலேதான் ஆரம்பம்.

ஒப்பந்தம் 3 வருஷம்தான் என்றால் அதே பணம் மாதம் ரூ.9,800-ஐத் தாண்டிவிடும். ஆகையால் "பீஸ் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. "எத்தனை வருஷத்துக்கு? முடிந்ததும் மறுபடி கட்டணுமா?" என்றும் கேட்க வேண்டும்.

ராயல்டி இருந்தால் அது தனி. அதை லாபத்தில் எடுப்பதில்லை, விற்பனையில் எடுக்கிறார்கள். மாதம் ரூ.2 லட்சத்துக்கு விற்று, 6 சதவீதம் ராயல்டி என்றால் ரூ.12 ஆயிரம். கடைக்காரர் கையில் ஒன்றும் நிற்காத மாதத்திலும் அதைக் கட்டியாக வேண்டும்.

பஞ்சரான டயர்

அப்படியானால் எதற்காக இந்தப் பணம்?

அமெரிக்காவில் டாம் கார்வெல் என்று ஒருவர். 1934-ல் நியூயார்க் பக்கம் ஹார்ட்ஸ்டேல் என்ற ஊரில் அவருடைய ஐஸ்கிரீம் வண்டி டயர் பஞ்சர். உருகுகிற ஐஸ்கிரீமை அங்கேயே விற்றார். சக்கைப்போடு போட்டது! பிறகு மெஷினை மட்டும் மற்றவர்களுக்கு விற்றுப் பார்த்தார். வாங்கியவர்கள் பலர் நொடித்தார்கள். இடம் பார்ப்பது, நடத்தும் முறை, பெயர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்தால்தான் கடை நிற்கும் என்று கண்டு, 1947 வாக்கில் பிரான்சைஸ் முறைக்கு மாறினார்.

இந்தச் சமாசாரங்களுக்குத்தான் கட்டணம். இடம் பார்த்துக் கொடுத்தார்களா? ஆளுக்குப் பயிற்சி உண்டா? சரக்கு வண்டி வாரம் எத்தனை தடவை வரும்? பக்கத்துத் தெருவில் அதே பெயரில் இன்னொரு கடை திறக்க மாட்டோம் என்று எழுதித் தருவார்களா? ஒன்றும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது வெறும் பெயர்.

பெயருக்கும் வயது பார்க்க வேண்டும். சிவகாசிப் பக்கத்துத் திருத்தங்கலைச் சேர்ந்த ஆர்.ஜி.சந்திரமோகன் 1970-ல் சென்னை ராயபுரத்தில் ரூ.13 ஆயிரம் முதலில் தொடங்கியதுதான் அருண் ஐஸ்கிரீம். குச்சி ஐஸ் விற்றுத்தான் ஆரம்பம். சின்னச் சின்ன ஊர்களாகப் பிடித்து அந்தப் பெயர் வளர வருஷக்கணக்கில் ஆனது. போன வருஷம் இன்ஸ்டாகிராமில் பிறந்த பெயருக்கும் லட்சக்கணக்கில் கட்ட வேண்டுமா என்று பணம் கட்டுகிறவர்தான் யோசிக்க வேண்டும்.

சட்டம் எங்கே?

அமெரிக்காவில் 1979 முதல் இதற்கென்று தனி விதி இருக்கிறது. கட்டணம், மற்றச் செலவுகள், கம்பெனி மேல் உள்ள வழக்குகள், மூடிப்போன கடைகள் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்து 14 நாள் கழிந்த பிறகுதான் கையெழுத்தோ பணமோ வாங்கலாம்.

இந்தியாவில் அப்படித் தனிச் சட்டம் இல்லை. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம்தான் கதி. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். தகராறு வந்தால் வழக்கு டெல்லியிலா, மும்பையிலா, திருப்பூரிலா என்பதும் அந்தப் பத்திரத்தில் பொடி எழுத்தில் இருக்கும். ஊர் ஊராகக் கடை திறக்கும் இந்தக் காலத்தில் மத்திய அரசு இதற்கு ஒரு விதி கொண்டுவராமல் இருப்பது சரியல்ல.

சட்டம் இல்லாத இடத்தில் மோசடிக்காரனும் புகுந்துவிடுகிறான். அமுல் பெயரிலேயே போலி இணையதளம் திறந்து, கடை தருகிறோம் என்று பணம் பறித்த விவகாரம் 2020-ல் டெல்லி ஐகோர்ட்டு வரை போனது. போலித் தளங்களை முடக்கக் கோர்ட்டு உத்தரவிட்டது. கட்டிய பணம் போனது போனதுதான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்

கம்பெனி ஆள் கடை காட்டக் கூட்டிக்கொண்டு போவது சனி, ஞாயிறு. அல்லது ஏப்ரல், மே. அன்றைக்குக் கூட்டம் இல்லாமல் போகுமா?

அதே கடைக்குத் தனியாக, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குப் போகலாம். ஒரு கப் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்தால் எத்தனை பேர் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். பிறகு கடைக்காரரிடம், "அண்ணா, போன ஐப்பசி மழைக்கு எத்தனை கப் போச்சுங்க? கட்டுன பீஸ் கைக்கு வந்துருச்சுங்களா?" என்று கேட்டால், வேலை இல்லாத நேரம்தானே, உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லுவார்.