38,000 ரூபாய்க்கு ஒரு கள்ளிச்செடி: ஈஎம்ஐ போட்டு வாங்கலாமா?



போன வாரம் என் சித்தி பையன் போன் பண்ணான். ஐடி வேலைக்குப் போய் இது ரெண்டாவது வருஷம். ஆன்லைன்ல ஒரு கள்ளிச்செடி பார்த்திருக்கான். உள்ளங்கை அளவு, விலை 38,000 ரூபாய், 6 மாச ஈஎம்ஐ வசதி வேற. "அண்ணா, இது ரொம்ப அரிதான செடி. வருஷா வருஷம் விலை ஏறுமாம். இதுவும் ஒரு அசெட் தானே?"

அதே வகைச் செடி ஒண்ணு என் வீட்டு ஜன்னலோரம் இருக்கு. அதனால ஆடிட்டராவும் சொல்றேன், செடி வளர்க்கிறவனாவும் சொல்றேன். ஆசை இருந்தா சின்னக் கன்றா வாங்குங்க. அந்தப் பெரிய செடி வேண்டாம்.

செடியோட பேரு அரியோகார்பஸ். சொந்த ஊர் மெக்சிகோவும், அமெரிக்காவுல டெக்சாஸ் பக்கமும். வளர்ந்த செடியில முள் இருக்காது. தரையோட தரையா ஒரு கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். விதை போட்டு முதல் பூ பார்க்கவே பெரும்பாலும் 5 முதல் 10 வருஷம் ஆகும். என்கிட்ட இருக்கிறது நாலு வயசுக் கன்று. இன்னும் 10 ரூபாய் நாணயம் அளவைத் தாண்டல.

அப்போ உள்ளங்கை அளவு செடிக்காக அத்தனை வருஷம் காத்திருந்தது யாரு? பொறுமையா வளர்த்த ஒரு நர்சரிக்காரரா இருக்கலாம். இல்லன்னா யாரும் காத்திருக்கவே இல்ல, பாலைவனத்துல மண்வெட்டி போட்டுத் தோண்டி எடுத்திருக்கலாம். விக்கிறவர் சொல்லாத வரைக்கும் நமக்குத் தெரியாது.

இது வெறும் சந்தேகம் இல்ல. 2020-ல இத்தாலியில ஒருத்தர் வீட்டுல 1,000-க்கும் மேற்பட்ட கள்ளிச்செடிகளைப் போலீஸ் பிடிச்சாங்க. அது வேற வகை, சிலி நாட்டு அட்டகாமா பாலைவனத்துல இருந்து கடத்தினது. அடுத்த வருஷம் 800-க்கும் மேல சிலிக்கே திருப்பி அனுப்பினாங்க. 2015-ல வெளியான உலகளாவிய மதிப்பீட்டுல, கள்ளி இனங்கள்ல 31 சதவீதம் அழியற அபாயத்துல இருக்குன்னு சொல்லியிருக்காங்க. அரியோகார்பஸ் முழுசுமே சைட்ஸ் ஒப்பந்தத்தோட முதல் பட்டியல்ல இருக்கு. காட்டுல எடுத்த செடியை நாடு விட்டு நாடு வியாபாரம் பண்ணவே கூடாது.

சரி, அசெட் கேள்விக்கு வருவோம். இதுல வட்டி வராது, டிவிடெண்ட் வராது. அவசரத்துக்கு விக்கணும்னா நீங்கதான் ஆள் தேடணும். வேர் அழுகினா ஒரே வாரத்துல மதிப்பு பூஜ்ஜியம். ஈஎம்ஐ தவறி பாக்கி கிரெடிட் கார்டுல நின்னா, பல கார்டுகள்ல மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி ஓடும். செடி ஒரு வருஷத்துல வளர்றதை விட, கடன் ஒரு மாசத்துல அதிகமா வளரும்!

என் முதல் செடி செத்ததுக்குக் காரணம் நான்தான். ஞாயித்துக்கிழமை ஆனா தண்ணி ஊத்தறது ஒரு பழக்கமாப் போச்சு. அழுகல் மண்ணுக்கு அடியில ஆரம்பிச்சிருக்கு. தொட்டா கொழகொழன்னு இருந்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது. அதுல கத்துக்கிட்டது இவ்வளவுதான்:

தொட்டி: வேர் முள்ளங்கி மாதிரி இறங்கும். அடியில ஓட்டையோட ஆழமான மண் தொட்டி வேணும்.

மண்: பெரும்பங்கு பியூமிஸ், பெர்லைட், பொடிக்கல். உரமண் கொஞ்சம் போதும்.

வெளிச்சம்: காலை வெயில் நேரா விழற ஜன்னல். அது இல்லன்னா குரோ லைட். ஹால் மூலையில, டிவி பக்கத்துல அழகுக்கு வைக்காதீங்க.

தண்ணி: மண் அடி வரைக்கும் காஞ்ச பிறகுதான். சென்னையில ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்துல காத்தே ஈரமா இருக்கும், அப்போ அநேகமா நிறுத்திடுங்க.

"மெதுவா வளரும் செடி, கூட்டு வட்டி மாதிரி"ன்னு பாடம் எடுக்க நான் வரல. எஸ்ஐபி வேற, செடி வேற. எஸ்ஐபி உங்க பணத்தை வளர்க்கறதுக்கு. செடி உங்க சந்தோஷத்துக்கு, அதை ஹாபி செலவுன்னே எழுதுங்க. எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபியும் போக மிஞ்சினதுல, கையில இருக்கிற காசுல வாங்குங்க. "விதையில இருந்து வளர்த்ததா? வெளிநாட்டுல இருந்து வந்ததுன்னா பேப்பர் இருக்கா?"ன்னு கேளுங்க. பதில் மழுப்பலா வந்தா விட்டுடுங்க.

தம்பிகிட்ட இதைத்தான் சொன்னேன். "பெருசாக நான் 10 வருஷம் காத்திருக்கணுமா அண்ணா?"ன்னான். உனக்கு இப்போ 24 வயசு. பூக்கும்போது 34. அந்தப் பத்து வருஷம் எப்படியும் போகத்தான் போகுது. செடி உன் ஜன்னல்லயே வளரட்டும்டா.