அறுபது நாள் அவகாசம்

வங்கியின் ஸ்வாதீன அறிவிப்பை வீட்டின் கதவிலோ சுவரிலோ எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டவேண்டும் என்றும், ஏழு நாட்களுக்குள் அதை இரண்டு பத்திரிகைகளில், அவற்றுள் ஒன்று அந்தப் பிரதேசத்து மொழிப் பத்திரிகையாக இருக்கும்படி, வெளியிடவேண்டும் என்றும் விதி இருக்கிறது. அந்த விதியின் பயனாக, பண்ருட்டியிலே ஒரு குடும்பஸ்தர் தம்முடன் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்காக மறைத்துவைத்திருந்த விஷயம், கடலூர் சாலைத் தேநீர்க்கடையில் பத்திரிகை விரிக்கப்படும் அந்த ஒரு காலையில் ஊரறிந்த சமாசாரமாகிவிடுகிறது. அன்றுதான் உறவினர் ஓடிவருகிறார்கள். அன்றுதான் வக்கீலைத் தேடுகிறார்கள். அன்றுதான் யாரோ ஒருவர், மைத்துனரின் நண்பர் அந்த வங்கியில் வேலை பார்ப்பதாக நினைவுகூர்கிறார். ஆனால் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கும்போது, அந்தக் காலைக்கு முன்பே கடனாளிக்கு இருந்த வழிகளில் நல்லவை பலவும் கடந்துபோயிருக்கும். வீட்டை இழப்பவர்கள் பணமில்லாத காரணத்தால் இழக்கிறார்கள் என்பது உண்மையே. ஆயினும், பேசவேண்டிய காலத்தில் பேசாமையாலும் இழக்கிறார்கள் என்பதும், அந்தக் காலத்தில் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைக்க ஓர் ஏற்பாடு இல்லாதது பெருங்குறை என்பதும் என் அபிப்பிராயம்.

பண்ருட்டியின் நிலைமைக்கு ஒரு விசேஷம் உண்டு. இங்கே அடமானத்தில் இருக்கும் வீடு, வீடு கட்டுவதற்காக வாங்கிய கடனுக்கு மட்டுமே ஈடாக நிற்பதில்லை. முந்திரி வியாபாரத்தில் முதல் வேண்டும். ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வரும் பச்சைக்கொட்டையை விலை இறங்கியிருக்கும்போது மொத்தமாக வாங்கி வைத்து, உடைத்து, தோல் உரித்து, தரம் பிரித்து, பருப்பு விலை ஏறும்போது விற்கவேண்டும். இடைப்பட்ட மாதங்களுக்கான பணம் வங்கியிலிருந்து வருகிறது, அதற்கு ஈடாகக் குடியிருக்கும் வீட்டுப் பத்திரம் போகிறது. கொட்டை வாங்கிய விலைக்கும் பருப்பு விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசம் தலைகீழாகிவிட்டால், வியாபாரத்தில் வந்த நஷ்டம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. இயற்கையும் தன் பங்குக்குச் சும்மா இருப்பதில்லை. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயல், தலைமுறை கண்ட பலா மரங்களையும் முந்திரித் தோப்புகளையும் ஒரே இரவில் சாய்த்துவிட்டுப் போயிற்று. புதிதாக நட்ட கன்று காய்ப்புக்கு வர ஆண்டுகள் பிடிக்கும், மாதத் தவணையோ அடுத்த ஐந்தாம் தேதியே வந்து நிற்கும். விவசாயத்தின் காலக்கணக்கும் வங்கியின் காலக்கணக்கும் ஒத்துப்போகாத இந்த ஊரில், தவணை தவறுவதை ஒழுக்கக்கேடாகப் பார்ப்பது நியாயமாகாது.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், அடமானம் வைத்தவன் பணத்தைச் செலுத்தித் தன் ஆஸ்தியை மீட்டுக்கொள்ளும் பாத்தியதையை அவனுக்கு உறுதிசெய்தது. கடன் கொடுத்தவர், சில நகரங்களுக்கென ஏற்பட்ட விதிவிலக்குகள் நீங்கலாக, நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத்தான் சொத்தை விற்கமுடிந்தது. அந்த வழக்குகளோ பேரன் காலம்வரை நடந்தன. இந்தத் தாமதத்துக்குப் பரிகாரமாக வந்ததே சர்ஃபேசி என்று எல்லோரும் சொல்லும் 2002ஆம் ஆண்டுச் சட்டம். நீதிமன்றத்தின் தலையீடு இல்லாமலே வங்கி தானே அறிவிப்புக் கொடுத்து, தானே ஸ்வாதீனம் எடுத்து, தானே ஏலம் விடலாம் என்று அது அதிகாரம் அளித்தது. அந்தச் சட்டத்தின் முதல் வடிவத்தில், கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக விரும்பும் கடனாளி கோரப்பட்ட தொகையில் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கை முன்கூட்டியே கட்டவேண்டும் என்றிருந்தது. பணமில்லாத குற்றத்துக்காக வீட்டை இழக்கப்போகிறவனிடம், முறையிடுவதற்கே பணம் கேட்ட அந்த விசித்திரத்தை, 2004ஆம் ஆண்டு மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்று நீக்கிற்று.

தவணை தொண்ணூறு நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கணக்கு வாராக்கடனாகிறது. அதற்கு முந்தைய அந்த மூன்று மாதங்களே கடனாளியின் வாக்குக்கு அதிக மதிப்புள்ள காலம். கிளை மேலாளருக்கும் தம் ஏட்டில் ஒரு வாராக்கடன் குறைவது பிரயோஜனமே. தவணைக்காலத்தை நீட்டிக்கக் கேட்கலாம். ஆனால் கணக்குப் பார்த்துக் கேட்கவேண்டும்: இருபது லட்சம் ரூபாய்க் கடனை ஒன்பது சதவீத வட்டியில் பதினைந்து ஆண்டில் கட்டினால் மாதம் ஏறத்தாழ 20,285 ரூபாய், இருபது ஆண்டாக்கினால் ஏறத்தாழ 17,995. மாதத்துக்குக் கிடைக்கும் நிம்மதி 2,290 ரூபாய். முடிவில் அதற்குக் கொடுக்கும் விலை ஆறரை லட்சத்துக்கும் மேல். தற்காலிகமான நெருக்கடிக்கு இது மருந்து. வருமானமே நிரந்தரமாகக் குறைந்துவிட்டவருக்கு, வலியைத் தள்ளிப்போடுவதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

முந்திரித் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தக் கட்டத்தில் தனியானதொரு வழியும் உண்டு, அதை அறிந்தவர் சொற்பம். நலிவுற்ற சிறு தொழில்களைச் சீரமைப்பதற்காக மத்திய சர்க்கார் 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஏற்பாட்டின்படி, கணக்கு வாராக்கடனாவதற்கு முன்பே வங்கி அதைத் தன் குழுவின் முன்வைத்து, மீட்சிக்கு வழியுண்டா என்று ஆராயவேண்டும். இது வங்கியின் விருப்பத்துக்கு விட்ட சலுகையன்று, கட்டாயக் கடமை என்று 2024ஆம் ஆண்டு புரோ நிட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. அதே தீர்ப்பு, தாம் சிறு தொழில் நடத்துபவர் என்பதைத் தக்க ஆவணங்களோடு உரிய காலத்தில் சொல்லாமல் இருந்துவிட்டு, ஸ்வாதீனம் எடுக்க வரும்போது அதைக் கேடயமாக்க முடியாது என்றும் சொல்லிற்று. சிறு தொழிலுக்கான உத்யம் பதிவுச் சான்றைப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவருக்கு அதனால் லாபமில்லை.

கணக்கு வாராக்கடனானபின் வங்கி அறுபது நாள் அவகாசம் கொடுத்து அறிவிப்பு அனுப்புகிறது. கையெழுத்துப் போட்டு வாங்க அஞ்சி, தபால்காரரைத் திருப்பியனுப்புகிற குடும்பங்கள் உண்டு. அதனால் காலம் நின்றுவிடுவதில்லை, வாங்க மறுத்தால் அறிவிப்பைக் கதவில் ஒட்டவும் பத்திரிகையில் போடவும் விதி இடம் கொடுக்கிறது. இந்த அறுபது நாட்களுக்குள் கடனாளி எழுத்துமூலமாக ஆட்சேபணை தெரிவித்தால், வங்கி அதை ஆராய்ந்து, ஏற்கவில்லையெனில் அதற்கான காரணங்களைப் பதினைந்து நாட்களுக்குள் தெரிவித்தாகவேண்டும். வட்டிக் கணக்கில் பிழை இருக்கலாம். கட்டிய தொகை வரவு வைக்கப்படாமல் இருக்கலாம். தவணை தவறியதற்கான தண்டத்தை வட்டியாக்கி அசலோடு சேர்க்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023இல் இட்ட உத்தரவு மீறப்பட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் எழுதுவதற்கு வக்கீல்கூட அவசியமில்லை. நல்ல தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதமும், பதிவுத் தபால் ரசீதும் போதும். பின்னர் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், அந்தக் கடிதத்துக்கு வங்கி கொடுத்த பதிலோ, கொடுக்காத பதிலோ, முதல் சாட்சியமாகிறது. இவ்வளவு எளிதான காரியத்தைப் பலர் செய்யாமல் விடுவதற்குக் காரணம், அறிவிப்பு ஆங்கிலத்திலும் சட்டப்பிரிவு எண்களிலும் இருப்பதும், அதை வாசித்துக்காட்டுமாறு அண்டை வீட்டாரிடம் கேட்பது மானக்கேடென்று எண்ணுவதுமே.

மானம் என்றதும், நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். கடனைத் தீர்க்க வேறு மார்க்கமே இல்லையென்று தெளிவாகிவிட்டால், வீட்டைத் தாமே விற்பது உத்தமம். இதைச் சொன்னால் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்; தாத்தா மனை வாங்கி, அப்பா கட்டிய வீட்டை விற்பதா என்கிறார்கள். ஆனால் ஏலத்தில் அதை விற்பவர் வேறொருவர் என்பது மட்டுமே வித்தியாசம், அதிலும் விலை குறைவாக. குடியிருப்பவர் காலி செய்யாத வீடு, வழக்கு வரக்கூடிய வீடு என்றெல்லாம் அஞ்சி ஏலதாரர்கள் கையை இறுக்கிக்கொள்கிறார்கள். முதல் ஏலத்தில் கேட்பாரில்லையென்றால் அடுத்த ஏலத்தில் குறைந்தபட்ச விலையைக் குறைப்பது வழக்கமாயிருக்கிறது. ஏலத்தொகை கடனுக்கும் செலவுக்கும் மேல் போனால் மிச்சம் வீட்டுக்காரருக்குச் சேரவேண்டியதே. குறைந்துபோனாலோ, மீதிக்கு அவரைத் தொடர்ந்துவர வங்கிக்குச் சட்டம் இடமளிக்கிறது. தாமே வாங்குபவரைக் கண்டு, கடன் பாக்கியை அவர் நேராக வங்கிக்குச் செலுத்தி, வங்கி பத்திரத்தை விடுவித்து, மிச்சத்தை வீட்டுக்காரர் பெற்றுக்கொள்ளும்படி முத்தரப்பாகப் பேசி முடித்தால், சந்தை விலையும் கிடைக்கும், பத்திரிகையில் பெயரும் வராது. ஒன்றை மறக்கலாகாது: அறுபது நாள் அறிவிப்பு கைக்கு வந்தபின், வங்கியின் எழுத்துமூலச் சம்மதமில்லாமல் விற்கவோ குத்தகைக்கு விடவோ சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இந்த யோசனை வரவேண்டிய காலம் அறிவிப்புக்கு முன்னர்.

ஒரே முறையில் ஒரு தொகை கட்டிக் கடனைத் தீர்த்துக்கொள்ளும் சமரசத்துக்கும் வங்கிகள் இணங்குவதுண்டு. ஆனால் அதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்மானித்துவிட்டது. சமரசத்தில் தீர்ந்த கணக்கு கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் ஏட்டில் அவ்வாறே குறிக்கப்பட்டு, அடுத்த கடனுக்கு இடையூறாவதும் உண்டு. கந்து வட்டிக்காரரிடம் வாங்கி வங்கிக்குக் கட்டுவதைப்பற்றி ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

வங்கி ஸ்வாதீன நடவடிக்கை எடுத்தபின், நாற்பத்தைந்து நாட்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தை அணுகலாம். அது சென்னையில், நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அங்கு தோற்று மேல்முறையீடு செய்வதானால் பாதித் தொகையை, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் குறைத்தாலும் கால் பங்கையாவது, கட்டவேண்டும். சிவில் நீதிமன்றத்துக்கு இதில் அதிகாரமில்லை. பணத்தைக் கட்டி மீட்கும் பாத்தியதையும், 2016ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், ஏல அறிவிப்பு வெளியானவுடன் அற்றுப்போகிறது. 2023இல் வந்த பாஃப்னா மோட்டார்ஸ் தீர்ப்பு இதை ஐயத்துக்கிடமின்றி உறுதிசெய்தது. ஏலத்தன்று பையில் பணத்துடன் போய் நிற்பவருக்கு, பழைய சட்டத்தில் இருந்த நம்பிக்கை இன்று இல்லை. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: விவசாய நிலத்தின்மேல் இந்தச் சட்டம் செல்லாது. ஆனால் பட்டாவில் புஞ்சை என்றிருப்பது மட்டும் போதாது, அங்கே மெய்யாகவே பயிர் நடக்கவேண்டும், அதை நிரூபிக்கும் பொறுப்பும் கடனாளியையே சேர்ந்தது. மேலும் வேறு மார்க்கங்களில் வழக்குப் போட வங்கிக்குத் தடையில்லை.

இத்தனை வழிகளும் ஏட்டில் இருந்தும் மனிதருக்கு எட்டாமற்போவது ஏன் என்று யோசிக்கையில், இந்த மாகாணத்தின் பழைய அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் விளைபொருள் விலை வீழ்ந்து, நிலமெல்லாம் கடனுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், சென்னை மாகாணத்தில் 1936இல் கடன் சமரசச் சட்டம் வந்தது. கடன்பட்டவரையும் கொடுத்தவரையும் ஒரு போர்டின் முன் அழைத்து, கொடுக்கக்கூடியது எவ்வளவு, பெறக்கூடியது எவ்வளவு என்று பேசி முடிக்க அது முயன்றது. இரண்டே ஆண்டுகளில் ராஜாஜியின் மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்து, பழைய கடன்களில் அசலின் இருமடங்கு செலுத்தப்பட்டிருந்தால் கடன் தீர்ந்ததென்றே விதித்தது. அதே மந்தத்தின்போது அமெரிக்காவில் 1933இல் ஏற்படுத்தப்பட்ட வீட்டுக்கடன் ஸ்தாபனம், பத்து லட்சம் குடும்பங்களின் அடமானங்களைத் தானே ஏற்று நீண்ட தவணைக்கு மாற்றிக்கொடுத்தது. 1938ஐப்போல் கடனை வெட்டிவிடும்படி நான் கேட்கவில்லை. வங்கியில் இருப்பது தனவந்தர் ஒருவரின் பணமன்று, வைப்பு வைத்த ஆயிரம் பேரின் பணம். 1936இன் பாடம் மட்டும் இன்றும் பயன்படும் என்கிறேன்.

வர்த்தக நீதிமன்றச் சட்டத்தில் 2018இல் செய்த திருத்தத்தின்படி, அவசர நிவாரணம் கோராத வர்த்தக வழக்கைத் தொடுப்பதற்கு முன், இரு தரப்பும் சமரசத்துக்கு முயன்றாகவேண்டும். இரண்டு கம்பெனிகளுக்கிடையே சரக்கு விலையில் வந்த தகராறுக்குக் கட்டாயமாக்கிய இந்தப் பொறுமையை, ஒரு குடும்பம் குடியிருக்கும் வீட்டின் விஷயத்தில் காட்டாதிருப்பதற்கு நியாயம் என்ன? புதிய ஸ்தாபனமும் வேண்டியதில்லை. தாலுகாதோறும் சட்டப் பணிகள் குழு இருக்கிறது; வழக்குக்கு முந்தைய சமரசத்தை லோக் அதாலத்தில் முடிக்கவும், பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச சட்ட உதவி அளிக்கவும் 1987ஆம் ஆண்டுச் சட்டமே வழிசெய்திருக்கிறது. குறைவது கட்டாயம் ஒன்றுதான். குடியிருக்கும் வீட்டைப் பொறுத்தவரையில், அந்தக் குழுவின் முன் ஒருமுறையாவது வராமல் ஸ்வாதீன நடவடிக்கை கூடாதென்று விதிக்கவேண்டும். இதனால் காலதாமதம் என்று வங்கிகள் ஆட்சேபிக்கும்; அறுபது நாட்கள் எப்படியும் காத்திருக்கவேண்டியவைதாமே, அந்த நாட்களுக்குள்ளேயே இந்த அமர்வு முடியவேண்டுமென்று வரம்பு கட்டலாம். கிளை மேலாளருக்குத் தள்ளுபடி செய்ய அதிகாரமில்லை என்பார்கள். அதிகாரமுள்ள ஒருவரை மண்டல அலுவலகத்திலிருந்து அனுப்பட்டும், ஏல விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் அவருடைய பஸ் கட்டணம் அடங்கிவிடும். அறிவிப்பின் முதல் பக்கத்தில், பிரிவு எண்களுக்கு மேலே, பாக்கி எவ்வளவு, ஆட்சேபணைக்குக் கடைசித் தேதி எது, அமர்வு எந்தக் கட்டடத்தில் எந்தக் கிழமை நடக்கும் என்ற மூன்று விவரங்களையும் பெரிய எழுத்தில் தமிழில் அச்சிடும்படி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்புவதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.