லூகு ஏரிக்கு ஒரு பிரயாணம்

சீனத்தின் யூனான், சிச்சுவான் மாகாணங்களின் எல்லையில், ஏறத்தாழ 2,690 மீற்றர் உயரத்தில் உள்ள லூகு ஏரிக்குச் செல்ல நானும் நண்பர் இருவரும் எண்ணியிருக்கிறோம். நண்பர்கள் தேசப்படத்தை விரித்தனர். எனக்கோ அவர்கள் கொணர்ந்த விளம்பரப் பிரசுரமே கண்ணை உறுத்திற்று. 'மகளிர் இராச்சியம்' என்பது அதில் ஏரிக்கு இட்டிருந்த பெயர்!

ஏரிக்கரையில் வாழும் மோசுவோ மக்களிடையே இல்லத்தின் தலைமை பெரும்பாலும் மூத்த பெண்ணுக்கே உரியது. பிள்ளைகள் தாய்வீட்டில் வளர்வர். அவர்களைப் பேணும் ஆண்மகன் தாய்மாமன். காதலன் இரவில் வந்து, விடியலில் தன் தாய்வீடு திரும்புவான். தாய்மாமன் என்ற சொல்லின் கனத்தை அறிந்த நாம் இதனை விளங்கிக்கொள்ளப் பெருமுயற்சி வேண்டியதில்லை. உல்லாசப் பிரயாண வணிகமோ இவ்வழக்கத்தைக் கட்டற்ற காமமாகத் திரித்து விற்கிறது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966-76) அதிகாரிகள் இம்மக்களைச் சட்டமணத்துக்குள் தள்ள முயன்றனர். அவ்வசையினும் இவ்விளம்பரமே கொடியது என்பேன். முன்னது ஓய்ந்ததும் பலர் பழைய வழக்குக்கு மீண்டனர். பின்னதிலோ அவர்களுடைய சீவனோபாயமே சிக்கியிருக்கிறது.

2015இல் ஏரிக்கு அண்மையில் விமானத்தளம் திறக்கப்பட்டது. நண்பர்களுக்கு அதுவே விருப்பம். லிஜியாங் நகரில் இரண்டு நாள் தங்கி உடலை உயரத்துக்குப் பழக்கி, ஏறத்தாழ 200 கிலோமீற்றர் மலைப்பாதையைப் பஸ்வண்டியிற் கடப்போம் என்பது என் கட்சி. ஓரிரவுக்குப் பறந்து வருபவனுக்குக் கிட்டுவது, தீயைச் சூழ்ந்து காசுக்கு ஆடும் நடனம் மட்டுமே. நான்கு நாள் ஒரே வீட்டில் தங்கினால், பாட்டியின் அடுப்பருகே ஓரிடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்தப் பாட்டியார்.

இரவு வழக்கத்தைப் பற்றி வீட்டாரைத் துருவுவதில்லை என்ற நிபந்தனைக்கு நண்பர்கள் இணங்கிவிட்டனர். பஸ்வண்டிக்குத்தான் இன்னும் இணங்கவில்லை.