தட்டு அடிக்க முதல் தராசில் ஏற்றுங்கோ

யூடியூப்பில் அமெரிக்கக் கேம்பர் வீடியோக்கள் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த வகை நன்றாகத் தெரிந்திருக்கும். மண் நிற அலுமாரிகளும் மங்கிய திரைச்சீலைகளுமாக ஒரு பழைய ஃபிப்த் வீல். அடுத்த காட்சியில் உள்ளே முழுக்க வெள்ளைப் பெயின்ற். படிக்கட்டுக்குள் லாச்சி, சோபாவுக்கு மேலே புத்தகத் தட்டு, குசினிச் சுவரில் ஓடு, சாப்பாட்டு மேசைக்குப் பதிலாகக் கனத்த மரப்பலகை. எல்லாம் சொந்தக் கையால் செய்தது. "பாருங்கோ, எவ்வளவு இடம்!" என்ற தொனியில் வீடியோ முடியும்.

பார்க்க வடிவுதான். அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த இப்படியான வீடியோக்களில் அநேகமாக வராத ஒரு சாமான் இருக்கிறது. அது தராசு.

கேம்பரில் இடம் வேறு, தாங்கும் பாரம் வேறு. ஒரு புதுத் தட்டு இடத்தைக் கூட்டும். வண்டி சுமக்கக்கூடிய பாரத்தை ஒரு இறாத்தல்கூடக் கூட்டாது. தட்டின் சொந்தப் பாரம் அளவுக்கு அதைக் குறைக்கத்தான் செய்யும். அதனால் கேம்பரில் சாமான் வைக்கும் வசதியைத் திருத்துவது முதலில் கழித்தல் கணக்கு, பிறகுதான் தச்சு வேலை. இந்த ஒழுங்கைத் தலைகீழாகக் காட்டுவதுதான் இந்த வீடியோக்களோடு எனக்குள்ள பிரச்சினை.

ஃபிப்த் வீல் என்ற பெயரே கொஞ்சம் குழப்பம். வண்டியில் ஐந்தாவது சக்கரம் எதுவும் இல்லை. குதிரை வண்டிக் காலத்தில் முன் அச்சு திரும்புவதற்காகப் படுக்கையாக வைத்த வட்டத் தட்டுக்கு வந்த பெயர் அது. எங்கட ஊரில் கொள்கலன் இழுக்கிற பிறைம் மூவரின் முதுகில் இருக்கிற தட்டும் இதே ஏற்பாடுதான். சாதாரண கேரவன் வாகனத்தின் பின்பக்கக் கொழுவியில் மாட்டப்படும். ஃபிப்த் வீலோ பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு மேலே வந்து உட்காரும். அந்த உயர்ந்த முன்பகுதிக்குள் பெரும்பாலும் படுக்கையறை இருக்கும். நிறுத்திய இடத்தில் சுவரின் ஒரு பகுதி வெளியே நகர்ந்து அறையை அகலமாக்கும். இவற்றில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தில் எல்க்ஹார்ட் என்ற ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த தொழிற்சாலைகளில் செய்யப்படுகின்றன.

அமெரிக்காவில் விற்கப்படும் ஒவ்வொரு புதிய கேம்பரிலும் ஒரு லேபல் ஒட்டப்பட வேண்டும். அதில் இத்தனை இறாத்தலுக்கு மேல் சாமான் ஏற்றக்கூடாது என்று இருக்கும். தண்ணீர்த் தாங்கி நிரம்பினால் எவ்வளவு பாரம் என்பதும் அதிலேயே இருக்கும். முழுக் கணக்கும் அந்த ஒற்றைத் தாளில்தான் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தமாக 14,000 இறாத்தலுக்கு மேல் போகக்கூடாது, வெறுமையாக 12,000 இறாத்தல். மிச்சம் 2,000 இறாத்தல், அதாவது கிட்டத்தட்ட 900 கிலோ. கேட்க நிறைய இருக்கிற மாதிரித்தான் தெரியும். தண்ணீர் ஒரு அமெரிக்கக் கலனுக்கு 8.3 இறாத்தல். 60 கலன் தாங்கியை நிரப்பினால் 500 இறாத்தல் போய்விட்டது. மிச்சம் 1,500. கழிவுத் தாங்கிகளை வெறுமையாக்காமல் ஓடினால் அதுவும் இந்தக் கணக்குக்குள்தான் வரும். பிறகு சட்டி பானை, உடுப்பு, மெத்தை, ஆயுதப் பெட்டி, தகரச் சாப்பாடு, மடிப்புக் கதிரைகள், நாயின் சாப்பாட்டு மூட்டை. இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சுவதில்தான் எங்கட புத்தகத் தட்டு வரவேண்டும். எட்டடிக்கு நாலடி, முக்கால் அங்குலத் தடிப்புள்ள பிளைவுட் பலகை ஒன்றே சுமார் 30 கிலோ. அப்படி நாலு பலகையில் அலுமாரி அடித்தால், ஒரு சாமானும் வைக்காமலே 120 கிலோ முடிந்துவிடும்.

கூடுதலாக ஏற்றினால் என்ன நடக்கும்? முதல் நாள் ஒன்றும் நடக்காது. அதுதான் ஆபத்து. சட்டம், அச்சு, வில்லு, பிரேக், ரயர் எல்லாவற்றுக்கும் ஒரு எல்லை உண்டு. பாரம் கூடிய ரயர் ஓடும்போது கூடச் சூடாகும். வெயிலில், நெடுஞ்சாலையில், ஏதோ ஒரு மணித்தியாலத்தில் வெடிக்கும். வெடித்த ரயரின் றப்பர் துண்டுகள் சக்கரத்துக்கு மேலுள்ள தரையையும் அதற்குள் ஓடும் வயர், தண்ணீர்க் குழாய்களையும் அடித்துக் கிழித்துவிடும்.

இதை 1954இலேயே ஹொலிவூட் பகிடியாக எடுத்திருக்கிறது. வின்சென்ட் மினெல்லி இயக்கிய 'த லோங், லோங் டிரெய்லர்' படத்தில் லூசில் போலும் டெசி அர்னாஸும் புதிதாகக் கலியாணம் கட்டியவர்கள். வீட்டுக்குப் பதிலாக ஒரு நீளமான டிரெய்லர் வாங்குகிறார்கள். மனைவி போகிற இடமெல்லாம் நினைவுக்காகக் கல்லுப் பொறுக்குவாள், பழங்களைப் பதப்படுத்திப் போத்தலில் அடைப்பாள். மலையேற முதல் எல்லாவற்றையும் எறியச் சொல்கிறான் கணவன். அவளுக்கு மனம் வரவில்லை, டிரெய்லருக்குள்ளேயே ஒளித்து வைக்கிறாள். மலைப்பாதையில் அவ்வளவும் உருள்கிறது. சிரிக்க வைக்கிற படம்தான். ஆனால் ஒளித்து வைக்க இடம் இருந்ததுதான் அங்கே பிரச்சினையே. இன்றைய திருத்த வீடியோக்கள் அந்த ஒளிப்பிடங்களைத்தான் இன்னும் வடிவாகச் செய்து காட்டுகின்றன.

ஃபிப்த் வீலுக்கென்றே இன்னொரு பொறி இருக்கிறது. மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முன் ஊசி வழியாகப் பிக்கப்பின் முதுகில் இறங்கும். மேலே சொன்ன வண்டியில் அது 2,800 இறாத்தல் அளவில் வரும். பிக்கப்புக்கும் சொந்த எல்லை உண்டு. சாரதியின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும். இப்போது கேம்பரின் வரைபடத்தைப் பாருங்கள். பெரிய சாமான் அறை எங்கே? படுக்கையறைக்குக் கீழே, முன்பக்கம். பெரிய உடுப்பு அலுமாரி எங்கே? அதுவும் பெரும்பாலும் முன்பக்கம். துணி தோய்க்கும் மெசினுக்கு விட்ட இடமும் பல வண்டிகளில் அங்கேதான். அந்த மெசின் மட்டுமே சுமார் 150 இறாத்தல். ஆக, தாராளமாக இடம் விட்டிருக்கிற பக்கத்தில்தான் பிக்கப்புக்கு அதிகம் நோகும். சரி, பின்பக்கம் ஏற்றுவோம் என்று சைக்கிள் தாங்கி, பெட்டி என்று பின் பம்பரில் மாட்டினால், அது நெம்புகோல் மாதிரி முன் ஊசியைத் தூக்கப் பார்க்கும். இழுத்துக்கொண்டு ஓடும்போது வண்டியின் நிதானம் குறையும். கனமானவற்றுக்குச் சரியான இடம் அச்சுகளுக்குக் கிட்ட, தரையோடு தாழ்வாக. அலுமாரியின் உச்சியில் இல்லை.

சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுச் சுவர் என்று நினைத்துத்தான் பலர் திருகாணி அடிக்கிறார்கள். பல கேம்பர்களில் உள்சுவர் 3 மில்லிமீற்றர் அளவான மெல்லிய பலகை, அதற்குப் பின்னால் நுரைப்பஞ்சு. திருகாணி பிடிக்கிற இடம் உள்ளே இருக்கிற மரச் சட்டமோ அலுமினியச் சட்டமோ மட்டும்தான். அதைத் தேடிப் பிடிக்காமல் தட்டு அடித்தால், நிறுத்தி வைத்த வண்டியில் நிற்கும், ஓடுகிற வண்டியில் நாள்பட்டுப் பிடுங்கிக்கொண்டு வரும். வெளியே நகரும் சுவர்ப் பகுதியில் கனத்த அலுமாரி அடிப்பது இன்னும் மோசம். ஒவ்வொரு முறையும் அந்தப் பாரத்தை ஒரு சின்ன மோட்டார்தான் இழுக்க வேண்டும்.

அப்ப ஒன்றும் செய்யாமல் இருக்கிறதா? இல்லை. கையால் செய்யக்கூடிய நல்ல திருத்தங்கள் கனக்க இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு: ஒன்றில் ஏற்கெனவே இருக்கிற வெற்றிடத்தைப் பாரமில்லாமல் பிரிக்கும், அல்லது பாரத்தை வெளியே எடுக்கும்.

தொழிற்சாலையில் இருந்து வரும் அலுமாரிகள் பலவற்றின் உள்ளே நடுத்தட்டு இருக்காது. கோப்பைக்கு மேல் கோப்பை அடுக்கி, மேல்பாதி சும்மா கிடக்கும். கால் அங்குலப் பிளைவுட்டில் ஒரு நடுத்தட்டுப் போட்டால் போதும். எட்டடிப் பலகை முழுதுமே சுமார் 10 கிலோதான், அதில் பல தட்டுகள் வெட்டலாம். ஓடும்போது சாமான் விழாமல் இருக்க, குளியலறைத் திரைக்குப் போடுகிற வில்லுக் கம்பியின் சின்ன வகையைக் குறுக்கே இறுக்கிவிடலாம். திருகாணியே தேவையில்லை. கட்டிலைத் தூக்கினால் கீழே பெரிய வெற்றிடம் இருக்கும். அதற்கு மரப்பெட்டி செய்யாதீர்கள், துணிப் பைகள் போதும். அங்கே உடுப்பும் போர்வையும் வையுங்கள், தகரச் சாப்பாடு வேண்டாம். படிக்கட்டுக்குள் லாச்சி நல்ல யோசனைதான். ஆனால் வெட்ட முதல் உள்ளே சூட்டுக்காற்றுக் குழாயோ வயரோ ஓடுகிறதா என்று பாருங்கள். கீழ் சாமான் அறையின் உள் மறைப்பைக் கழற்றினால் கொஞ்ச இடம் கிடைக்கும். ஆனால் அங்கே இருக்கிற மின்மாற்றிக்கும் சூடாக்கிக்கும் காற்று வேண்டும், அவற்றை அடைத்துச் சாமான் குவிக்கக்கூடாது.

கழித்தலுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் பற்றரி. 100 அம்பியர் மணி ஈய பற்றரி ஒன்று 27 முதல் 30 கிலோ வரும். அதே அளவு லித்தியம் இரும்பு பொஸ்பேட் பற்றரி 11 முதல் 13 கிலோ. ஈய பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியத்தில் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். ஆகவே இரண்டு ஈய பற்றரிகளுக்குப் பதிலாக ஒரு லித்தியம் வைத்தால், கிட்டத்தட்ட அதே மின்சாரம், 40 கிலோவுக்கு மேல் மிச்சம். அதற்கேற்ற சார்ஜர் வேண்டும், உறைநிலைக்குக் கீழே சார்ஜ் பண்ணக்கூடாது, விலையும் கூட. ஆனால் இதுதான் உண்மையான இடம் பிடித்தல். அதேபோல, வண்டியோடு வந்த கனத்த சாய்வு சோபாவைக் கழற்றி, கீழே சாமான் வைக்கக்கூடிய மெல்லிய வாங்கு ஒன்று செய்தால், இடமும் கூடும் பாரமும் குறையும். சுவருக்கு ஓடு வேண்டாம். ஒட்டுகிற வினைல் தாள் போதும், குலுக்கத்தில் வெடிக்காது.

இவ்வளவும் செய்ய முதலும் செய்த பிறகும் ஒரு முறை நிறுக்க வேண்டும். அமெரிக்கா, கனடா நெடுஞ்சாலைகளில் லொறிகள் நிற்கும் தரிப்பிடங்களில் கட் ஸ்கேல் என்ற பொதுத் தராசுகள் இருக்கின்றன. ஒரு சின்னக் கட்டணம்தான். பிக்கப்பின் முன் அச்சு, பின் அச்சு, கேம்பரின் அச்சுகள் என்று மூன்று தட்டுகளில் தனித்தனியாக நிறுக்கும். பிறகு கேம்பரைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பை மட்டும் நிறுத்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன் ஊசியின் பாரம். வண்டி உங்களுக்கு என்ன சொல்கிறது என்பதை அந்தத் துண்டு எழுதித் தந்துவிடும்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "வார இறுதியில் ஊர் சுற்றுகிறவர்களுக்கு இது சரி, ஆனால் அதற்குள்ளேயே குடியிருக்கிறவன் என்ன செய்கிறது? அவனுக்குக் குளிர் உடுப்பும் வேண்டும், வேலை ஆயுதங்களும் வேண்டும், பிள்ளையின் புத்தகங்களும் வேண்டும்தானே?" வேண்டும்தான். வருடக்கணக்காக ஒரே இடத்தில் நிற்கிற கேம்பர் என்றால் ரயரைப் பற்றிய கவலை பெரிதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை தேடி நகர்ந்துகொண்டே இருக்கிறவர்களின் நிலை வேறு. ஜெசிக்கா புரூடர் 2017இல் எழுதிய 'நோமட்லாண்ட்' புத்தகத்தில் வருபவர்கள் அப்படியானவர்கள். வீட்டு வாடகையையோ கடனையோ கட்ட முடியாமல் வாகனத்துக்குள் வந்த வயது போன மனிதர்கள், அமேசன் கிடங்கிலும் முகாம் தளங்களிலும் பருவ வேலை செய்பவர்கள். அதை வைத்து குளோயி ஷாவோ எடுத்த படம்தான் 2021இல் ஒஸ்கார் வாங்கியது. அவர்களுக்கு ஒரு ரயர் வெடிப்பது பயணத்தில் வந்த தடங்கல் இல்லை, வீடு இடிந்த மாதிரி. பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதப் பத்திரம் முழுநேரக் குடியிருப்பை விலக்கி வைத்திருக்கும். உடைந்தால் செலவு முழுக்கத் தங்கட தலையில். ஆகவே இந்தக் கழித்தல் கணக்கு அவர்களுக்குத்தான் அதிகம் தேவை. வெள்ளைப் பெயின்ற் வீடியோக்கள் அவர்களுக்கும் சேர்த்துத்தான் விற்கப்படுகின்றன, அந்த ஒரு பாடம் இல்லாமல்.

கையால் செய்கிறதை நான் மதிக்கிறேன். தன் வீட்டைத் தானே திருத்துகிறவனுக்கு அதன் எலும்பு எங்கே, நரம்பு எங்கே என்று தெரியும். ஆனால் எலும்பு எவ்வளவு தாங்கும் என்று தெரியாமல் சதை வைத்துக்கொண்டு போவதைத் திருத்தம் என்று சொல்ல முடியாது. வீடியோ எடுக்கிறவர்களிடம் என் கோரிக்கை சின்னது: முன்பு, பின்பு என்று இரண்டு படம் காட்டுகிறீர்கள்தானே, அவற்றுக்குக் கீழே நிறுத்த துண்டு இரண்டையும் வையுங்கோ. எவ்வளவு இடம் கிடைத்தது என்று பிறகு கதைப்போம்.