எது ஒட்டுகிறது?

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி வியாதி என்னும் எண்ணம், படித்த குடும்பங்களிலுங்கூட இன்னும் மறைந்தபாடில்லை. தாம்பரத்தில் எங்கள் தெருவிலேயே, மார்பில் கட்டிக்கு ரணசிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்பிய ஓர் அம்மாளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய் என்று சொந்த மனிதர்களே ஏற்பாடு செய்தார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தோன்றியது 1954-ல். எழுபது ஆண்டுகளுக்குப் பிறகும், அங்கிருந்து பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இப்படி!

இந்நோயில் ஒன்று ஒட்டத்தான் செய்கிறது. ஆனால் ஒட்டுவது நோயாளியின் சரீரத்துக்குள்ளேயே; நோயணு, தன்னைச் சூழ்ந்த திசுவோடு ஒட்டுகிறது.

நம் உயிரணுக்கள் ஒவ்வொன்றின் மேலும் சர்க்கரைச் சங்கிலிகள் ரோமம்போல் அடர்ந்திருக்கின்றன. காப்பியில் போடும் சர்க்கரை என்று நேயர்கள் எண்ணிவிடலாகாது. இவை அணு தானே தொடுத்துக்கொள்பவை. (நோயாளிக்குப் பாயசத்தை மறுத்துவிட்டால் இவை உதிர்ந்துவிடமாட்டா.) இச்சங்கிலிகளைப் பற்றிப் பிடிக்கும் புரதங்களுக்கு லெக்டின் என்று பெயர். ஆமணக்கு விதையின் சாரம் ரத்த அணுக்களைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைப்பதை ஸ்டில்மார்க் என்பவர் 1888-லேயே கண்டெழுதினார். வேர்க்கடலையிலும் பலாக்கொட்டையிலும் இத்தகைய புரதங்கள் உண்டு. நம் உடலே உண்டாக்கிக்கொள்ளும் லெக்டின்களில் ஒரு குடும்பம், காலெக்டின். பாற்சர்க்கரையில் ஒரு பாதியாகிய காலக்டோஸ் எங்கே தொங்குகிறதோ, அங்கே அது பிடிக்கும்.

இக்குடும்பத்தில் ஒன்பதாம் எண் பெற்றதற்குப் பிடிக்கும் கைகள் இரண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ராம்ராய் பட் அவர்களின் குழுவினர், சுவீடன் தேசத்து ரசாயன நிபுணர்களுடன் சேர்ந்து, இதை மார்புப் புற்றணுக்களில் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டனர். ஊடுருவும் குணம் மிகுந்த அணுக்களில் இப்புரதமும் மிகுந்திருந்தது. இதைக் குறைத்தாலோ, இதன் கைகளைத் தடுக்கும் ரசாயனப் பொருளைச் சேர்த்தாலோ, அணுக்கள் சுற்றுத் திசுவின் நார்ப்பொருளோடு ஒட்டுவது குறைந்தது. அதைத் துளைத்துச் செல்வதும் குறைந்தது.

ஒட்டினால் நின்றுவிடவேண்டாமோ, ஊர்வது எப்படி என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. பனையேறுகிறவனைப் பாருங்கள். மரத்தை இறுகப் பற்றாதவன் ஒரு சாண்கூட ஏறமுடியாது. பற்றி, உந்தி, விட்டு, மறுபடி சற்று மேலே பற்றுகிறான். புற்றணுவும் பற்றுக்கோடு கிடைத்தால்தான் கட்டியை விட்டு நகர்ந்து ரத்தக் குழாய் வரை போய்ச் சேரும். மார்பில் இருக்கும்வரை கத்தியால் எடுத்துவிடக்கூடிய வியாதி, எலும்புக்கும் ஈரலுக்கும் குடிபெயர்ந்துவிட்டால் வைத்தியரின் கைக்கு எளிதில் அடங்குவதில்லை.

இச்சோதனைகள் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த அணுக்களைக் கொண்டு நடந்தவை. மருந்துக் கடைக்கு ஓடவேண்டாம். மேலும், இதே புரதத்துக்கு உடலின் காவல் அணுக்களோடும் கொடுக்கல் வாங்கல் உண்டு. அதன் கைகளைக் கட்டும்போது காவலில் என்ன மாறுகிறது என்பதையும் அல்லவா பார்த்தாகவேண்டும்?